ஈஎல்34 ஆம்பில் பயாஸ் பிரீசெட்டை வெளியே கொண்டுவருவதும் டெஸ்ட் பாயின்ட் வைப்பதும்

களியக்காவிளை_கிதார்:

எல்லாருக்கும் வணக்கம். ஆலயப் பாடகர் குழுவில் ஓடும் 50 வாட் கிதார் ஆம்ப் ஒன்றைப் பற்றிய கேள்வி. இரண்டு ஈஎல்34 பவர் வால்வு, புஷ்புல் (இரண்டும் மாறி மாறி வேலை செய்யும்), ஃபிக்ஸட் பயாஸ் (வால்வு சும்மா நிற்கும்போது இழுக்கும் கரண்டை அடக்க அதன் கிரிட்டுக்குத் தனியாகக் கொடுக்கும் மைனஸ் வோல்ட்டேஜ்). டிரான்ஸ்ஃபார்மரில் பயாஸுக்கென்று தனியாக 50 வோல்ட் ஏசி வைண்டிங் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு 25கே பிரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்னப் பாட்), இரண்டு வால்வுக்கும் அதுதான். கேத்தோடு இரண்டும் நேராகச் சேசிஸில்.

வால்வு மாற்றும்போதெல்லாம் சேசிஸைக் கழற்றி மல்லாத்திப் போட்டு, எச்.டி. (வால்வின் பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ்) லைனுக்கு அரை இஞ்ச் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை விட வேண்டியிருக்கிறது. பின் பக்கத் தகட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பாட், ஒரு மீட்டர் சாக்கெட் வைத்துவிட்டால் பெட்டியைத் திறக்காமலே செட் செய்யலாம் என்று நினைக்கிறேன். அவ்வளவு தூரம் வயர் இழுத்தால் ஹம் வருமா? பாட் கெட்டுப்போனால் வால்வும் சேர்ந்து போகுமா? சாக்கெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

இன்னொன்று. எங்கள் பக்கம் சாயங்காலம் கரண்டு 205 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். திருவிழா நாளில் ஜெனரேட்டரில் 250 வரை பார்த்திருக்கிறேன்.

தக்கலை_வால்வுசெட்:

தம்பி, வெளியே வர வேண்டியது டிசி மட்டும். சிக்னல் ஒரு இஞ்ச் கூட வெளியே வரக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் ஹம் பற்றிய பயம் வேண்டாம்.

5ஆம் பின்னிலிருந்து (கன்ட்ரோல் கிரிட்) வரும் 220கே கிரிட் லீக் ரெசிஸ்டர்கள் இரண்டும் ஒரு புள்ளியில் சேர்ந்து பயாஸ் லைனுக்குப் போகும். அந்தச் சேர்க்கையை மட்டும் வெட்டுங்கள். ரெசிஸ்டர்கள் சாக்கெட் பக்கத்திலேயே இருக்கட்டும். வெட்டிய முனை ஒவ்வொன்றையும் அதனதன் பாட்டின் நடுக்காலுக்குக் கொண்டுபோங்கள். நடுக்காலிலிருந்து சேசிஸுக்கு 10 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் ஒன்று போட்டுவிட்டால் அந்த வயரில் சிக்னல் கிடையாது, ஒரு அடி நீளம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. சிலர் 5ஆம் பின்னிலிருந்தே வயரை இழுத்துக்கொண்டு போய் ரெசிஸ்டரைப் பாட்டின் முதுகில் சாலிடர் வைப்பார்கள். அந்த வயர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வயரை உரசிக்கொண்டு போகும், ஆம்ப் விசில் அடிக்கும்.

மதிப்புகள் இப்படி வையுங்கள். 50 வோல்ட் வைண்டிங், ஒரு 1என்4007 (கோடு போட்ட முனை வைண்டிங் பக்கம்), 47 மைக்ரோஃபாரட் 100 வோல்ட், தொடராக 15கே, மறுபடி ஒரு 47 மைக்ரோஃபாரட். இந்த இடத்தில் இரண்டு 50கே லீனியர் பாட்டின் மேல்காலும் சேரும். கீழ்க்கால் இரண்டும் சேர்ந்து ஒரே 33கே வழியாகச் சேசிஸுக்கு. நடுக்காலில் சுமார் மைனஸ் 31 முதல் மைனஸ் 55 வோல்ட் வரை கிடைக்கும். ஈஎல்34க்கு இது போதும். பழைய 25கே பிரீசெட்டைக் கழற்றிவிடுங்கள்.

பாட் கெடுவதைப் பற்றிக் கேட்டீர்கள், அதுதான் இந்த வேலையில் முக்கியமான கேள்வி. நடுக்கால் டிராக்கை விட்டு எழும்பினால் கிரிட் அந்தரத்தில் நிற்கும், வால்வு தன் இஷ்டத்துக்குக் கரண்டு இழுக்கும், பிளேட் சிவந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் நடுக்காலுக்கும் மேல்காலுக்கும் (அதாவது அதிக மைனஸ் பக்கம்) குறுக்கே ஒரு 220கே சாலிடர் வையுங்கள். நடுக்கால் விட்டுப்போனாலும் கிரிட் மைனஸ் 55க்கு இறங்கும். சத்தம் மெலிந்து கரகரக்கும், வால்வு பிழைத்துக்கொள்ளும். அப்போது கிரிட் பாதையில் மொத்தம் 440கே ஆகும். ஃபிக்ஸட் பயாஸில் ஈஎல்34க்கு அனுமதித்த உச்சம் 500கே, அதற்குள்தான் இருக்கிறது.

திறந்த கார்பன் பாட் வேண்டாம். ஆனி, ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என்று நம்மூரில் இரண்டு பருவம் ஈரம் ஏறும், கடற்காற்றும் உண்டு. மூடிய செர்மெட் பாட், ஷாஃப்டில் ஸ்க்ரூடிரைவர் வெட்டு, லாக்நட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குமிழ் மாட்டவே மாட்டாதீர்கள், வால்யூம் என்று நினைத்து யாராவது திருப்பிவிடுவார்கள்.

பயாஸ் லைனில் கன்டென்சரின் பிளஸ் கால்தான் சேசிஸுக்குப் போகும். பழக்கத்தில் கை தானாக மைனஸைச் சேசிஸில் வைத்துவிடும். அப்படி வைத்தால் கன்டென்சர் ஊதி வெடிக்கும், அதோடு பயாஸும் போகும்.

பாறசாலை_சாலிடர்:

கேத்தோடு பக்கத்தை நான் சொல்கிறேன். 8ஆம் பின்னைச் சேசிஸிலிருந்து விடுவித்து, நடுவில் 1 ஓம், 1 வாட், 1 சதவீத ரெசிஸ்டர். 1ஆம் பின் சப்ரஸர் கிரிட், அது 8ஆம் பின்னோடு சேர்ந்திருக்க வேண்டும். வேறு வால்வுக்காகச் செய்த சேசிஸாக இருந்தால் 1ஆம் பின்னைச் சும்மா ஒரு டேக் மாதிரி வேறு ரெசிஸ்டருக்குப் பயன்படுத்தியிருப்பார்கள், பார்த்துவிட்டுச் சேருங்கள். 1 ஓமில் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்ப், கணக்கே வேண்டாம்.

சிலர் 10 ஓம் போடச் சொல்வார்கள், மலிவு மீட்டரில் எண் பெரிதாகத் தெரியும் என்பதால். நான் 1 ஓம் பக்கம்தான். காரணம் ஷாக் பற்றிய உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்வரை அந்தச் சாக்கெட்டில் 40 மில்லிவோல்ட்தான். ஆனால் வால்வு உள்ளே ஷார்ட்டாகி, 1 ஓம் எரிந்து திறந்துவிட்டால் மொத்த எச்.டி.யும் அந்தச் சாக்கெட்டில் வந்து நிற்கும். அதனால் 1 ஓமுக்குக் குறுக்கே ஒரு 1என்5408 டயோடு, கோடு போட்ட முனை சேசிஸ் பக்கம். 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது. முழுச் சத்தத்தில் உச்சக் கரண்டு 250 மில்லிஆம்ப் என்றாலும் 1 ஓமில் கால் வோல்ட்தான், டயோடு தூங்கிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் 10 ஓம் என்றால் 2.5 வோல்ட், டயோடு ஒவ்வொரு உச்சத்திலும் குறுக்கே வரும். 8ஆம் பின்னிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் வயரில் தொடராக 1கே ஒன்றும் போடுங்கள். மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸுக்கு முன்னால் 1கே ஒன்றுமே இல்லை, ரீடிங் மாறாது.

மீட்டரின் மைனஸ் வயருக்கான கறுப்புச் சாக்கெட்டைப் பக்கத்தில் இருக்கிற போல்ட்டில் முடித்துவிடாதீர்கள். 1 ஓம் ரெசிஸ்டர்கள் சேசிஸில் இறங்கும் அதே டேக்கிலிருந்து தனி வயர் வர வேண்டும். நடுவில் துருப்பிடித்த ஒரு ஜாயின்ட் 0.05 ஓம் காட்டினாலே ரீடிங்கில் 5 சதவீதம் தப்பு.

1 சதவீத ரெசிஸ்டர் கிடைக்கவில்லை என்றால் சாதாரணத்தில் பத்து வாங்கிப் பொறுக்கலாம். ஓம் ரேஞ்சில் அளக்க வேண்டாம், மீட்டர் வயரே கால் ஓம் இருக்கும். 12 வோல்ட் சப்ளையில் 120 ஓம் 2 வாட் ஒன்றைத் தொடராக வைத்தால் ஏறக்குறைய 100 மில்லிஆம்ப் ஓடும். கரண்டை ஒரு மீட்டரில், ரெசிஸ்டரின் இரு கால்களுக்கும் நடுவே மில்லிவோல்ட்டை இன்னொன்றில் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகிற ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

துளை போடும் முன் சாக்கெட், டேக் போர்டு எல்லாவற்றையும் பேப்பர் டேப்பால் மூடுங்கள். டிரில் பிட்டின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் இரும்புத் தூள் சுருள் சுருளாக அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். முடித்த பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மூலைமுடுக்கெல்லாம் துழாவுங்கள். 2ஆம் பின்னுக்கும் (ஹீட்டர்) 3ஆம் பின்னுக்கும் (பிளேட்) நடுவே ஒரு சுருள் கிடந்தால் போதும், முதல் ஸ்விட்ச்சிலேயே காட்டிவிடும்.

கையை உள்ளே விடும் முன் 10கே 5 வாட் ரெசிஸ்டரைக் கிளிப் வயரில் மாட்டி ஃபில்டர் கன்டென்சரை இறக்குங்கள். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

தக்கலை_வால்வுசெட்:

முதல் தடவை ஆன் செய்யும் வரிசையைச் சொல்ல விட்டுப்போனது. ஈஎல்34 இரண்டையும் கழற்றிவிட்டு, ஸ்டான்ட்பையை (எச்.டி.யை விடும் ஸ்விட்ச்) போடாமல் மெயின் ஸ்விட்ச் மட்டும். பயாஸ் தனி வைண்டிங் என்பதால் அது வந்துவிடும். இரண்டு 5ஆம் பின்னிலும் மைனஸ் வருகிறதா, பாட் திருப்பினால் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு பாட்டையும் அதிக மைனஸ் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, வால்வு மாட்டி, ஸ்பீக்கரை இணைத்து, மெயினில் தொடராக மாட்டிய 100 வாட் சீரீஸ் பல்பு வழியாக ஒரு நிமிடம். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேராக. சீரீஸ் பல்பை வைத்துக்கொண்டே பயாஸ் செட் செய்யாதீர்கள், அந்த ரீடிங் பொய்.

களியக்காவிளை_கிதார்:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. சொன்னபடியே முடித்தாயிற்று, ஹம் கூடவில்லை. இரண்டு சந்தேகம்.

வால்வு இல்லாமல் பாட் நடுக்காலில் மைனஸ் 55 காட்டுகிறது. அதே நேரம் 5ஆம் பின்னில் மைனஸ் 45தான். 10 வோல்ட் எங்கே போகிறது?

இரண்டாவது, நேற்றுச் சாயங்காலம் செட் செய்தேன். எச்.டி. 418 வோல்ட். ஈஎல்34 பிளேட் தாங்கும் 25 வாட்டில் 70 சதவீதம் 17.5 வாட், அதை 418ஆல் வகுத்தால் 42 மில்லிஆம்ப். ஸ்க்ரீன் கரண்டுக்கு 4 சேர்த்து இரண்டு சாக்கெட்டிலும் 46 மில்லிவோல்ட் வைத்திருக்கிறேன். சரியா? ஞாயிற்றுக்கிழமை திருவிழா.

வாளையார்_ஹம்:

ஞாயிற்றுக்கிழமை இந்த 46ஓடு ஜெனரேட்டரில் போடாதீர்கள். கணக்கு தப்பில்லை, நேரம் தப்பு.

மெயின் ஏறினால் எச்.டி., ஸ்க்ரீன், பயாஸ் மூன்றும் ஒரே விகிதத்தில் ஏறும். பயாஸும் ஏறுகிறதே, ஈடுகட்டிவிடும் என்று தோன்றும். பாதிதான் ஈடுகட்டும். வால்வில் கரண்டு வோல்ட்டேஜின் ஒன்றரை அடுக்காக ஏறும், அதை வோல்ட்டேஜால் பெருக்கினால் பிளேட் சூடு இரண்டரை அடுக்காக ஏறும். 205லிருந்து 250 என்றால் 1.22 மடங்கு. அதன் இரண்டரை அடுக்கு 1.64. உங்கள் 17.5 வாட் அங்கே 28.7 வாட் ஆகிவிடும். ஈஎல்34 தாங்குவது 25. பாட்டு வாசிக்காமல் சும்மா நின்றாலே பிளேட்டின் மடிப்பு ஓரத்தில் மங்கலான சிவப்பு தெரிய ஆரம்பிக்கும்.

205இல் 418 என்றால் 230இல் 469, 250இல் 510. இந்த மாதிரி கரண்டில் 70 சதவீதம் வேண்டாம், 230 வோல்ட்டுக்கு 60 சதவீதம் வையுங்கள். 15 வாட்டை 469ஆல் வகுத்தால் 32, ஸ்க்ரீனுக்கு 5 சேர்த்து 37 மில்லிவோல்ட். 250க்குப் போனாலும் 18.5 வாட்தான்.

வேரியாக் (மெயின் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் 230 வைத்து 37க்குத் திருப்புங்கள். இல்லையென்றால் அந்த நேரத்து மெயினைப் பார்த்து ரீடிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். 205 இருக்கும்போது 31, 230 இருக்கும்போது 37, 250 இருக்கும்போது 42. மூன்றும் ஒரே பாட் நிலைதான். இதை ஒரு சின்னத் தாளில் எழுதிச் சாக்கெட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், அடுத்து வால்வு மாற்றுகிறவருக்கும் உதவும்.

510 வோல்ட்டைப் பார்த்ததும் ஃபில்டர் கன்டென்சரையும் பாருங்கள். 500 வோல்ட் ஒற்றைக் கன்டென்சர் என்றால் மாற்றத்தான் வேண்டும். 350 வோல்ட் இரண்டைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220கே 2 வாட் போடுங்கள்.

தக்கலை_வால்வுசெட்:

அந்த 10 வோல்ட் எங்கேயும் போகவில்லை தம்பி, மீட்டர் குடித்துவிட்டது. மலிவு மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 1 மெகஓம். நடுவில் 220கே இருக்கிறது. 55ஐ 1.22ஆல் வகுத்துப் பாருங்கள், 45 வரும். 10 மெகஓம் மீட்டரில் 54க்குக் கொஞ்சம் கீழே காட்டும். வால்வு ஓடும்போது 5ஆம் பின்னில் அந்த மீட்டரை வைக்கவே கூடாது, வைத்த நொடியில் பயாஸ் குறைந்து வால்வு சூடேறும். பயாஸ் வோல்ட்டேஜைப் பாட் நடுக்காலில் மட்டும் பாருங்கள்.

வால்வு இல்லாதபோது இரண்டு 5ஆம் பின்னும் ஒரே எண் காட்டுகிறதா என்பதை ஸ்டான்ட்பை போட்ட நிலையிலும் சட்டென்று ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மைனஸ் குறைந்தால் அந்தப் பக்கத்து 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கன்டென்சர் கசிகிறது. 10 மெகஓம் அளவு கசிந்தாலே 6 வோல்ட் போய்விடும். பாட்டைத் திருப்பி அதைச் சரிக்கட்டக் கூடாது, சூடு ஏற ஏறக் கசிவு கூடும்.

களியக்காவிளை_கிதார்:

இரண்டு பின்னும் ஒரே எண்தான். இப்போது மெயின் 228. ஒன்று 37, மற்றது 35இல் நிற்கிறது. ஒன்றைத் திருப்பினால் மற்றது நகர்கிறது.

பாறசாலை_சாலிடர்:

நகரத்தான் செய்யும், ஒன்று கூடுதலாகக் கரண்டு இழுத்தால் எச்.டி. கொஞ்சம் இறங்கும். கால் மணி நேரம் சூடேற விட்டு, மாறி மாறி இரண்டு மூன்று சுற்று திருப்புங்கள். 2 மில்லிஆம்ப் வித்தியாசம் ஒன்றும் செய்யாது. சரியாகச் சமமாக்க வேண்டுமென்றால் கறுப்பை விட்டுவிட்டு இரண்டு சிவப்புச் சாக்கெட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு லாக்நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஷாஃப்ட் கூடவே திரும்பும், ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு இறுக்கி, மறுபடி ஒருமுறை ரீடிங் பார்த்துவிடுங்கள்.