க்ரோத் சேம்பரில் பகலில் ஈரப்பதம் நிற்கவில்லை, உதவி தேவை

வணக்கம். காட்பாடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கேழ்வரகுக் குலைநோய் பற்றி ஆராய்கிறேன். பூஞ்சை இலையில் பிடிக்க, க்ரோத் சேம்பருக்குள் (சூடு, ஈரப்பதம், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திச் செடி வளர்க்கும் பெட்டி) 25 டிகிரி சூடும் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். இரவில் நிற்கிறது. காலையில் எல்இடி விளக்கு எரிந்து கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் 60-க்கு இறங்கிவிடுகிறது.

2016-ல் வாங்கிய 1000 லிட்டர் சேம்பர், ஆன்-ஆஃப் கம்ப்ரசர், அல்ட்ராசோனிக் ஈரமூட்டி. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து இந்தத் தொல்லை.

கதவு ரப்பர் மாற்றியாச்சு. சென்சார் மேல் சந்தேகப்பட்டு, உப்பு கரையாமல் மிஞ்சும் அளவுக்குக் கலந்த கரைசலோடு டப்பாவில் மூடி வைத்தோம்; 75 காட்ட வேண்டும், சரியாகக் காட்டியது. எங்கள் போர் தண்ணீர் ஊற்றினால் இலையெல்லாம் வெள்ளைப் பொடி படிகிறது, அதனால் ஆர்ஓ தண்ணீர்தான். இன்னொரு ஈரமூட்டி வைத்தும் பலனில்லை. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் வடிகுழாயில் தண்ணீர் கொட்டுவதால், கூலிங் காயில்தான் ஈரத்தை இழுக்கிறது என்று நினைக்கிறேன். பழுது பார்க்க வந்தவர் புதுசு வாங்கச் சொல்கிறார்; அதற்குப் பணமில்லை. நாற்றுகள் தயாராக நிற்கின்றன, அவற்றை இழக்க மனமில்லை.

ஹாட் கேஸ் பைபாஸ் வால்வு (கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயுவில் கொஞ்சத்தை நேராகக் காயில் பக்கம் திருப்பும் வால்வு) பொருத்திக் காயிலின் குளிர்ச்சியைக் குறைத்தால், 25 டிகிரியும் கெடாமல் ஈரப்பதம் 90-ல் நிற்குமா?