மெல் புரூக்ஸ் திரையிடல்: போர்க்கால வேலை, படத் தேர்வு, தமிழ் சப்டைட்டில் பற்றி

திரைக்கூடம்:

வணக்கம். எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் ஒரு ஞாயிறு முழுக்க அமெரிக்க நகைச்சுவைப் பட இயக்குநர் மெல் புரூக்ஸ். காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம், நடுவே 20 நிமிட அறிமுகம். வருபவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயரே புதிது. மூன்று விஷயத்தில் உதவி தேவை.

ஒன்று, இரண்டாம் உலகப் போரில் அவர் பார்த்த வேலை. "கண்ணிவெடி அகற்றினார், பிறகு நகைச்சுவைக்கு வந்தார்" என்று எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த வேலை தரையில் எப்படி நடந்தது என்று விளங்கினால்தான் கேட்பவர்களுக்கு உறைக்கும்.

இரண்டு, எந்த இரண்டு படம்? 'பிளேசிங் சாடில்ஸ்' போடலாம் என்று பலர் சொல்கிறார்கள்.

மூன்று, தமிழ் சப்டைட்டில் நாங்களே எழுதுகிறோம். 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் சிலேடைகளில் வண்டி நின்றுவிட்டது.

மண்வெட்டி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

பிறப்பு 1926 ஜூன் 28, நியூயார்க்கின் புரூக்ளின். இயற்பெயர் மெல்வின் கமின்ஸ்கி. நாலு அண்ணன் தம்பிகளில் கடைக்குட்டி. நாலு பேரும் படையில் இருந்தவர்கள். இவர் சேர்ந்தது 1944-இல். வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்டில் சிறப்புப் படிப்பு, அடுத்து ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் முகாமில் பீரங்கிப் படைக்கான ரேடியோ பயிற்சி. ஐரோப்பா போனதும் 1104-ஆவது காம்பாட் எஞ்சினியர் பிரிவில் போட்டார்கள். பீரங்கிக்குத் தயாரானவர் மண்ணைக் கிளறும் வேலைக்குப் போன கதை இதுதான். "வெடிகுண்டு நிபுணர்" என்று எழுதிவிடாதீர்கள். காம்பாட் எஞ்சினியர் என்றால் முன்னணிக்கு வழி திறந்து கொடுப்பவர்: சாலை, பாலம், கண்ணிவெடி, வீடுகளில் விட்டுப்போன பொறிவெடி, எல்லாம் அவர்கள் தலையில்தான். துண்டுகளாகக் கொண்டுவந்து பூட்டும் அக்காலத்து பெய்லி பாலத்தின் ஒரு சட்டகம் 3 மீட்டர் நீளம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்க வேண்டும்.

ஜெர்மன் படை புதைத்ததில் மூன்று வகை முக்கியம்.

டெல்லர் மைன்: 'டெல்லர்' என்றால் ஜெர்மனில் தட்டு. உருவமும் அதுதான். விட்டம் சுமார் 32 செ.மீ., மொத்த எடை 9 கிலோ, அதில் 5.5 கிலோ டி.என்.டி. வெடிமருந்து. டாங்கிக்கு வைத்தது. 100 கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் வெடிக்கும் என்பதால் ஆள் நடந்தால் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

எஸ் மைன்: இது ஆளுக்கு. மூன்று முனை மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். 7 கிலோ அழுத்தம் போதும். மிதித்துச் சில விநாடிகள் கழித்து இடுப்பளவு மேலே எகிறி, அங்கே வெடித்து, 350-க்கு மேற்பட்ட எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் வீசும்.

ஷூ மைன்: சின்ன மரப்பெட்டி, உள்ளே 200 கிராம் டி.என்.டி. உலோகம் என்று பார்த்தால் வெடியைத் தூண்டும் திரியில் இருக்கும் துளிதான். ஈழத் தமிழர்கள் மிதிவெடி என்று சொல்வது இந்த வகையைத்தான்; ஆளைக் கொல்வதைவிட காலைப் பறிப்பது.

இனி அகற்றும் முறை. அமெரிக்கப் படையிடம் எஸ்.சி.ஆர்.-625 என்ற உலோகம் கண்டறியும் கருவி இருந்தது. நீண்ட கழியின் நுனியில் ஒரு வட்டத்தட்டு, காதில் ஒலி. தட்டைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டே ஓர் அடி, இன்னோர் அடி என்று போக வேண்டும். சிக்கல் இரண்டு. சண்டை நடந்த மண்ணில் குண்டுச் சில்லுகள் இறைந்து கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் கருவி கத்தும். மரப்பெட்டிக்கோ கத்தவே கத்தாது. ஈரமும் அதற்கு ஆகாது.

ஆகவே கடைசியில் பயோனெட்தான், அதாவது துப்பாக்கி முனைக் கத்தி. குப்புறப் படுத்தோ முழங்காலிட்டோ, கத்தியை 45 டிகிரிக்கும் குறைவான சாய்வில் மண்ணுக்குள் மெல்ல நுழைக்க வேண்டும். செங்குத்தாக இறக்கினால் நுனி நேரே அழுத்தத் தட்டின் மேல் போய் நிற்கும், கதை முடிந்தது. சாய்வாக விட்டால் வெடியின் பக்கச் சுவரில் முட்டும். சில செ.மீ. தள்ளி மறுபடி, மறுபடி. ஏதோ தட்டுப்பட்டால் மண்ணைக் கையாலேயே ஒதுக்குவார்கள். டெல்லர் மைனின் பக்கவாட்டிலும் அடியிலும் இரண்டாவது திரிக்கு இடம் உண்டு. மேல் திரியைக் கழற்றிவிட்ட நிம்மதியில் தூக்குகிறவனுக்காக வைத்தது அது. அதனால் தூக்குவதே இல்லை. கைப்பிடியில் கயிறு கட்டி, தூரமாய் மறைவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு இழுப்பார்கள். தாண்டிய பாதைக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா.

ஒவ்வொரு வெடியையும் புரூக்ஸ் கையால் எடுத்தார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் இருந்த பிரிவின் அன்றாட முறை இது. அப்போது அவருக்கு 18 வயது. அதை மட்டும் சொல்லி நிறுத்துங்கள், அவையே புரிந்துகொள்ளும்.

எதிர்த்தரப்பு ஒலிபெருக்கியில் பிரச்சாரம் ஒலித்தபோது, பதிலுக்குத் தானும் ஒலிபெருக்கியில் அமெரிக்கப் பாடகர் ஆல் ஜோல்சன் பாட்டைப் பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். எடுத்தாளலாம், ஆனால் "அவர் சொல்கிறார்" என்ற சொல்லோடு. போர் முடிந்ததும் படையினருக்கான கேளிக்கைப் பிரிவுக்கு மாறி, ஜெர்மனியிலேயே மேடை ஏறினார். 1946-இல் விடுவிப்பு.

இரண்டாம் ரீல்:

மண்வெட்டி விட்ட இடத்திலிருந்து. ஊர் திரும்பியதும் நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலை விடுதிகளில் டிரம்ஸ். சிறுவனாக இருந்தபோது ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச்சிடம் கற்றது. அங்கிருந்தே மேடைப் பேச்சு, பிறகு நகைச்சுவை நடிகர் சிட் சீசரின் தொலைக்காட்சிக் குழுவில் எழுத்து. 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' 1950 முதல் 1954 வரை சனிக்கிழமை தோறும் 90 நிமிடம், நேரடி ஒளிபரப்பு. சிரிப்பு விழவில்லை என்றால் வெட்டி எடுக்க வழியே கிடையாது. அறிமுகத்தில் இதற்கு ஒரு நிமிடம் போதும்.

படத்துக்கு வருவோம். காலையில் 'தி புரொடியூசர்ஸ்' (1967, 88 நிமிடம்), மதியம் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' (1974, 106 நிமிடம்). 'பிளேசிங் சாடில்ஸ்' வேண்டாம் என்பேன். நல்ல படம்தான், கருப்பினத்தவரை இழிவு செய்கிறவர்களைத் திருப்பி அடிக்கும் படம். ஆனால் அந்த இழிசொல் படம் முழுக்க வருகிறது. அமெரிக்காவில் அச்சொல்லுக்கு இருக்கும் எடை தெரியாத அவையில் அடி யாருக்கு விழுகிறது என்பதே குழம்பிவிடும். பழைய கௌபாய் படங்களின் பழக்கமும் தேவை. இன்னொரு முறை தனியாகப் போடுங்கள்.

'தி புரொடியூசர்ஸ்' படத்துக்கு முன் கணக்கை விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் 20 நிமிடம் வீண். நாடக லாபத்தில் பங்கு என்று சொல்லித் தயாரிப்பாளர் பணம் திரட்டுகிறார். மொத்தப் பங்கு 100 சதவீதம் இருக்க வேண்டும், இவர் விற்பது 25,000 சதவீதம். நாடகம் தோற்றால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள், மீதிப் பணம் பையில். ஓடிவிட்டாலோ ஒவ்வொருவருக்கும் லாபம் கொடுக்க வேண்டும், அதற்குப் பணமே இல்லை. எனவே தோற்பது உறுதியான நாடகம் தேவைப்படுகிறது. ஹிட்லரைப் புகழும் இசை நாடகம் கிடைக்கிறது.

அந்த மேடைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உடை, விளக்கு, நடன ஒழுங்கு எதிலும் சிக்கனம் கிடையாது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வே எப்படிச் செலவழிக்குமோ அப்படி. கேமரா மேலே ஏறுகிறது. ஆட்டக்காரர்கள் வரிசை கட்டி ஸ்வஸ்திகாவாகிச் சுழல்கிறார்கள். 1930-களின் இசைப் படங்களில் பூவிதழ் போல விரிந்த அதே மேல்கோணம். உடனே அவையைக் காட்டுகிறார்: வாய் பிளந்து, அசையாத வரிசைகள். ஒரே ஒருவர் கை தட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் அவரை அடிக்கிறார்கள். சிலர் எழுந்து கிளம்புகிறார்கள். ஹிட்லராக நடிப்பவர் மேடைக்கு வந்த பிறகுதான் முதல் சிரிப்பு வெடிக்கிறது. அந்த அமைதியை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்காவிட்டால் அந்தச் சிரிப்பு இல்லை.

'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' பழைய ஃபிராங்கன்ஸ்டைன் திகில் படங்களைக் கேலி செய்யும் படம். இந்த விஷயத்தில் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு: 1931 'ஃபிராங்கன்ஸ்டைன்' துண்டை மட்டும் முன்னால் காட்டுவது. போதாது. பார்வையற்ற துறவி சூப் ஊற்றும் காட்சியின் மூலம் 1935-இன் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. மரக்கை இன்ஸ்பெக்டரின் மூலம் 1939-இன் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. மூன்றிலும் மும்மூன்று நிமிடத் துண்டு காட்டினால் மதியக் காட்சியில் சிரிப்பு இரட்டிப்பாகும். 1931 துண்டுக்கு ஆய்வுக்கூடக் காட்சியையே எடுங்கள். அந்தப் பொறி பறக்கும் கருவிகளைச் செய்த கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். புரூக்ஸ் அதே கருவிகளைத்தான் வாடகைக்கு எடுத்தார். கருப்பு வெள்ளைக்கு கொலம்பியா நிறுவனம் ஒப்பவில்லை. படம் ஃபாக்ஸுக்குப் போனது. ஒளிப்பதிவு ஜெரால்ட் ஹிர்ஷ்ஃபீல்டு. நிழலும் திரை மாற்றங்களும்கூட 1930-கள் போலவே.

புரொஜெக்டரில் இரண்டு வேலை: அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், நிறச் செறிவைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். இல்லையென்றால் கருப்பு வெள்ளையில் பச்சையோ நீலமோ கசியும்.

திரைக்கூடம்:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று துண்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். சப்டைட்டிலுக்கு யாராவது?

அடிவரி:

முதலில் கோப்பு. யூ.டி.எஃப்-8 இல் சேமியுங்கள், இல்லையென்றால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். பழைய பிளேயர்களில் 'கொ' எழுத்து உடைந்து கொம்பு தனியே, கால் தனியே நிற்கும். திரையிடப்போகும் அதே கணினியில் முன்னாடியே ஓட்டிப் பாருங்கள். உடைந்தால் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுவது நல்லது.

நேரக் கணக்கில் ஒரே விதி: நடிகர் வாய் திறக்கும் முன் சிரிப்பு வரி திரையில் வரக்கூடாது. முன்வரியும் முடிப்பு வரியும் ஒரே அட்டையில் வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். தமிழ்ச் சொல் நீளம். இரண்டு வரிக்கு மேல் போனால் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. டாக்டரின் கூனல் உதவியாளன் ஐகோராக வரும் மார்ட்டி ஃபெல்ட்மன் முகத்தைத் தவறவிட்டால் பாதிப் படம் போச்சு.

இனி சிலேடைகள்.

ரயில் நிலையத்தில் ஐகோர் "இந்த வழியாக நடங்கள்" என்று சொல்லிக் கூனி நடக்க, டாக்டரும் அதே மாதிரி கூனி நடப்பார். தமிழில் "இப்படி வாங்க" என்றாலே இரண்டு பொருளும் வந்துவிடுகிறது. "இந்தப் பக்கம் வாங்க" என்று எழுதினால் செத்தது.

ஓநாய் மனிதன் இடம்தான் எல்லோரையும் மடக்கும். ஆங்கிலத்தில் அவன் 'வேர்வுல்ஃப்'; அதன் முன்பாதி 'எங்கே' என்ற ஆங்கிலச் சொல் போல ஒலிப்பதை வைத்து 'அங்கே' என்று பதில் வரும். நேராகப் பெயர்க்க முடியாது. இப்படிச் செய்யலாம்: டாக்டரின் உதவியாளர் இங்கா, "ஓநாய்!" டாக்டர், "ஓநாயா?" ஐகோர், "ஓ, நாய்." டாக்டர், "என்னது?" ஐகோர் கையைக் காட்டி, "ஓ, நாய். ஓ, கோட்டை." அவர் கை காட்டும் நேரத்தோடும் பொருந்துகிறது.

மூளை யாருடையது என்று கேட்கும் இடம்: "அபி... ஏதோ நார்மல். அபி நார்மல்." நம் வீடுகளில் அபி புழங்கும் பெயர். 'அப்நார்மல்' என்ற சொல்லும் எல்லோருக்கும் தெரியும். விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள்.

ஃபிராங்கன்ஸ்டைன் / ஃப்ரான்கன்ஸ்டீன், ஈகோர் / ஐகோர் என்ற உச்சரிப்புச் சண்டைக்குத் தமிழ் எழுத்தே போதும். நெடிலை மாற்றி எழுதுங்கள், யார் எதைச் சொல்கிறார் என்பதைக் கடைசி வரை மாற்றாதீர்கள்.

கோட்டைப் பராமரிப்பாளர் ஃப்ராவ் ப்ளூக்கர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குதிரை கனைக்கும். அந்தப் பெயருக்கு ஜெர்மனில் பசை என்று பொருள், குதிரைக் குளம்பில் பசை காய்ச்சுவார்கள் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. தவறு. அது வெறும் குடும்பப் பெயர். அறிமுகத்தில் சொல்லிவிடாதீர்கள், கனைப்புக்கு அடிவரியும் போடாதீர்கள்.

மண்வெட்டி:

ஒரு தெளிவு, ஒரு சேர்க்கை. 'தி புரொடியூசர்ஸ்' 1967 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் வெளிவந்தது, நியூயார்க்குக்கு 1968 மார்ச். சில இடங்களில் 1968 என்று இருப்பது அதனால்தான். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது 1969 விழாவில். துண்டறிக்கையில் மூன்று ஆண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2001-இல் அதே கதை பிராட்வே இசை நாடகமாகி, அந்த அரங்குகளின் உயரிய விருதான டோனியை 12 பிரிவுகளில் பெற்றது.

மாலையில் நேரம் மிஞ்சினால் 1980-இன் 'தி எலிஃபன்ட் மேன்'. புரூக்ஸின் நிறுவனம் எடுத்தது, டேவிட் லிஞ்சை இயக்குநராக அமர்த்தியதும் அவரே. ஆனால் படத்தில் தயாரிப்பாளராக அவர் பெயர் வராது. பெயரைப் பார்த்துவிட்டு மக்கள் சிரிக்கத் தயாராக வந்து உட்காரக்கூடாது என்று தானே எடுத்துவிட்டார். போஸ்டரிலும் நீங்கள் அப்படியே விட்டுவிடுங்கள், படம் முடிந்த பிறகு அவையில் சொல்லுங்கள்.