பி-மதிப்பு 0.04: முடிவு உறுதி என்று எழுதலாமா?

கேள்வி:
ஒரு புதிய பயிற்சி முறையைச் சோதித்தேன். புதிய முறையில் 40 பேர், பழைய முறையில் 40 பேர். தேர்வு மதிப்பெண் சராசரியில் 3.7 வித்தியாசம், இரு குழுவிலும் திட்ட விலக்கம் 8. இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி-மதிப்பு 0.04. "புதிய முறை பலன் தர 96% வாய்ப்பு" என்று எழுதலாமா? நினைவாற்றல், வேகம் என வேறு ஐந்து அளவீடுகளும் எடுத்தேன், எதுவும் 0.05-க்குக் கீழே வரவில்லை. வேகம் மட்டும் 0.07. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் அதுவும் இறங்கிவிடும் போலிருக்கிறது.

பதில் 1:
96% வேண்டாம். பி-மதிப்பு, "வித்தியாசமே இல்லை" என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. அப்படியே இருந்தாலும் தற்செயலாக 3.7 அல்லது அதைவிடப் பெரிய வித்தியாசம், எந்தப் பக்கமானாலும், நூற்றுக்கு 4 முறை வரும். அந்த "வித்தியாசமே இல்லை" என்ற இன்மைக் கருதுகோள் சரியா தவறா என்பதன் நிகழ்தகவு அதில் இல்லை.

95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது தரவோடு ஒத்துப்போகும் பலன்களின் எல்லையை, போட்டுப் பாருங்கள். வித்தியாசத்தின் திட்டப் பிழை 8 × √(2/40) = 1.79. 95%-க்கான டி-மதிப்பு 1.99-ஆல் பெருக்கினால் 3.56; 3.7-இன் இரு பக்கமும் அவ்வளவு. ஆக 0.14 முதல் 7.26 வரை. கால் மதிப்பெண்ணுக்கும் குறைவான பலனும் உங்கள் தரவோடு ஒத்துப்போகிறது, ஏழு மதிப்பெண் பலனும் ஒத்துப்போகிறது! சிக்னிஃபிகன்ட் (மிகைகாண், பி-மதிப்பு 0.05-க்குக் கீழே) என்ற ஒரு சொல் இதை மறைத்துவிடும். 0.05 என்பதும் 1925-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் வசதிக்காகச் சொன்ன எல்லைதான்.

பதில் 2:
எனக்கு உறுத்துவது அந்த ஆறு அளவீடுகள். எதிலும் பலன் இல்லாவிட்டாலும் ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழ 1 − 0.95⁶, அதாவது 26% வாய்ப்பு. (ஒன்றையொன்று சாராதவை என்றால். உங்களுடையவை தொடர்புள்ளவை, சற்றுக் குறையும்.) பல சோதனைகள் செய்யும்போது எல்லையை இறுக்கும் ஹோம் திருத்த முறையில் ஆறு பி-மதிப்புகளையும் ஏறுவரிசையில் வைத்து, முதலாவதை 0.05/6 = 0.0083-உடன் ஒப்பிட வேண்டும். 0.04 அதைவிடப் பெரியது, அங்கேயே நின்றுவிடுகிறது. தேர்வு மதிப்பெண்தான் முதன்மை அளவீடு என்று தரவு எடுக்கும் முன்பே எழுதி வைத்திருந்தால் மட்டும் இந்தத் திருத்தம் அதற்குத் தேவையில்லை. பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால் செல்லாது.

பதில் 3:
பத்துப் பேரைச் சேர்க்காதீர்கள். முடிவைப் பார்த்துவிட்டு ஆள் சேர்ப்பதும், இறங்கியதும் நிறுத்துவதும் 5% என்ற கணக்கையே குலைக்கும். சம இடைவெளியில் ஐந்து முறை எட்டிப் பார்த்தாலே தவறான 'கண்டுபிடிப்பு' 14% ஆகிவிடும். 0.07 வந்ததால் வேகத்தில் பலனே இல்லை என்றும் எழுத வேண்டாம். இடைவெளியைக் கொடுங்கள், போதும்.

வேண்டுமானால் புதிய ஆய்வாகவே செய்யுங்கள். உண்மைப் பலன் சரியாக 3.7 என்றே வைத்தாலும், மறுபடி 40 + 40 எடுத்தால் சிக்னிஃபிகன்ட் வர ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. 80% வேண்டுமென்றால் குழுவுக்குச் சுமார் 75 பேர். எல்லையைத் தாண்டியவற்றில் மதிப்பீடு பெருத்தே நிற்கும் என்பதால் 2.5-ஐ வைத்துத் திட்டமிடுவேன்: குழுவுக்கு ஏறக்குறைய 160.

கேட்டவர்:
முதன்மை அளவீடு எதையும் முன்பே எழுதி வைக்கவில்லை. அப்படியானால் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்?

பதில் 2:
"ஆறு அளவீடுகளில் தேர்வு மதிப்பெண்ணில் 3.7 வித்தியாசம் காணப்பட்டது (95% நம்பிக்கை இடைவெளி 0.14 முதல் 7.26, திருத்தப்படாத பி-மதிப்பு 0.04). பன்மைச் சோதனைத் திருத்தத்துக்குப் பின் இது 5% மிகைகாண் நிலையை எட்டவில்லை." மற்ற ஐந்தையும் அதே அட்டவணையில் போடுங்கள், விட்டுவிடாதீர்கள்.