மேல்கம்பியை மிதித்தது யார்?

கட்டடங்களில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். கொத்தனார்களிடம் எங்களுக்கு ஒரே பெயர்தான்: சுவரை நாசம் பண்ணுகிறவர்கள். கட்டிங் மெஷினை எடுத்தாலே அவர்கள் முகம் மாறிவிடும். கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில், இன்ஜினியர் கொடுத்த வரைபடப்படி நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் வயர் பைப் பதிக்க வெட்டுவதற்காகக் குறுக்கே கோடு போட்டிருந்தோம். கொத்தனார் சாரத்தில் நின்றபடியே கத்தினார்: "ஏம்ப்பா, தூக்குக்குண்டு விட்டு ஏத்துன சுவத்த ரெண்டாப் பொளக்கப் போறியா?"

எரிச்சலாக இருந்தாலும் அவர் பக்கம்தான் நியாயம். செங்கல் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1905 என்ற இந்தியத் தரநிலைப்படி, சுமை தாங்கும் சுவரைக் குறுக்கே வெட்டினால் ஆழம் சுவரின் கனத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்தத் தடுப்புச் சுவருக்கும் அதே கணக்கைப் பார்த்தால் நாலரை இஞ்சில் அது முக்கால் இஞ்ச். நாங்கள் போடும் ஒரு இஞ்ச் பைப் அதில் அடங்காது. மேலிருந்து கீழாக என்றால் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டலாம். அப்படியே இறக்கினோம், பைப் கூடுதலாகச் செலவானதற்கு வீட்டுக்காரர் முனகினார்.

கம்பி கட்டுகிறவர்களோடு நடப்பது வேறு சண்டை. கான்கிரீட் போடப்போகும் தளத்தில் அவர்கள் கம்பி கட்டி முடித்த பிறகுதான் நாங்கள் பைப் போட முடியும். நடக்காமல் எப்படிப் போடுவது? உடனே "மேல்கம்பிய மிதிச்சுட்டாங்க" என்று புகார். பால்கனி மாதிரி வெளியே நீண்டிருக்கும் தளத்தில் இது சும்மா சொல்லும் புகார் இல்லை. அங்கே இழுவையைத் தாங்குவது மேல்கம்பிதான். அது அமுங்கினால் சுவரோரம் விரிசல் விடும். ஆனால் எங்களுக்குப் பிறகு கான்கிரீட் சட்டியோடு ஒரு படையே அதே கம்பியில் ஏறும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மேல்கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் 'சேர்' என்ற கம்பித் தாங்கிகளைப் போதுமான அளவு வைத்து, நடக்கப் பலகை போட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. பலகை யார் பொறுப்பு என்றால் எல்லார் கையும் சூப்பர்வைசரைக் காட்டும்.

அவர் பாவம், படிப்பு முடித்து நேராக சைட்டுக்கு வந்த பையன். 'சார்' என்பதெல்லாம் முகத்துக்கு நேரேதான். கான்கிரீட்டில் தண்ணீர் கூட்டாதீர்கள் என்று அவர் சொன்னால், டீ குடிக்க அவர் நகரும்வரை கூட்ட மாட்டார்கள்.

கலவையின் பதம் பல கொத்தனார்களைவிடச் சித்தாளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கரண்டி அவர் கைக்கு வருவதில்லை. நாங்களும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு அக்காவிடம், "எங்கள்ல யாருக்கா நல்லவங்க?" என்றேன்.

"பெயின்ட்டர்தான். அவரு வர்றதுக்குள்ள நாங்க வேற சைட்டுக்குப் போயிடுவோம்" என்றார்.