கடலுக்குப் போனால் மட்டும் படகின் அடிப்பள்ளத்தில் தண்ணீர்: எங்கிருந்து வருகிறது?

கேள்வி – நாகப்பட்டினம், விசைப்படகுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு 15 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு விசைப்படகு இருக்கிறது. மரத்தில் கட்டி, வெளிப்புறம் முழுவதும் ஃபைபர் பூசிய படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கரையேற்றி, அமரத்துப் பக்கம் (பின்புறம்) இரண்டு பலகை மாற்றி, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடித்து, ஃபைபர் வேலையும் பெயிண்டும் முடித்து, விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் கிளாண்டுக்குப் புதிய கயிறு போட்டு, தண்ணீர் இறைக்கும் 24 வோல்ட் பம்பையும் அதன் குழாயையும் மாற்றித்தான் இறக்கினோம்.

அதன் பிறகு என்ஜின் அறையில், ஏராவை (படகின் அடிமரத்தை) ஒட்டிய அடிப்பள்ளத்தில் காரணம் தெரியாமல் தண்ணீர் சேர்கிறது. துறைமுகத்தில் நான்கு நாள் கட்டிக் கிடந்தாலும் கால் வாளி கூடச் சேராது. கடலுக்குப் போனால் முதல் இரவிலேயே 15 லிட்டர் வாளியில் பத்துப் பன்னிரண்டு வாளி வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் அதுவே மூன்று, நான்கு வாளியாகக் குறைந்துவிடுகிறது. ஓட்டை என்றால் நாளுக்கு நாள் பெருக வேண்டுமே தவிர எப்படிக் குறையும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்பா கிளாண்டுதான் காரணம் என்கிறார். இரண்டு முறை கயிறு மாற்றி, நட்டை நன்றாக இறுக்கியும் பார்த்தோம். சென்ற நடையில் (கடல் பயணத்தில்) கிளாண்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. தண்ணீர் மட்டும் குறையவில்லை. ஏழு பேர் போகும் படகு என்பதால், இரவில் யாராவது ஒருவர் விழித்திருந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1 – தூத்துக்குடி, டீசல் மெக்கானிக்

முதலில் அந்தக் கிளாண்டைத் தளர்த்திவிடுங்கள். கயிறு போட்ட கிளாண்டு சொட்டுவதற்காகவே செய்யப்பட்டது; அந்தச் சொட்டுத்தான் ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு சில சொட்டு விழ வேண்டும், நின்றால் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். சூடேறும் அளவுக்கு இறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்டில் பள்ளம் விழும், பிறகு எந்தக் கயிறு போட்டாலும் நிற்காது.

கணக்கையும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. நொடிக்கு ஒரு சொட்டு என்று இடைவிடாமல் விழுந்தாலும் 24 மணி நேரத்தில் நான்கரை லிட்டரைத் தாண்டாது. உங்களுக்கு ஓர் இரவில் வருவது 180 லிட்டர். அவ்வளவும் கிளாண்டு வழியாக வந்தால் சொட்டாக விழாது, தாரையாகவே ஓடும். டார்ச் அடித்த உடனே தெரிந்திருக்கும்.

அடுத்து, அது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடல்நீரா, மீன் அறையிலிருந்து வரும் ஐஸ் தண்ணீரா, இரண்டும் கலந்ததா? நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்; டீசலும் எண்ணெயும் கூலண்டும் கலந்த தண்ணீர் அது, கூலண்டு விஷம். வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைகளில் உப்புத்தன்மை பார்க்கும் கருவி இருக்கும், ஒரு நாளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வெளித் தண்ணீரையும் பள்ளத்துத் தண்ணீரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும். உங்கள் துறைமுகம் கடுவையாற்று முகத்தில் இருப்பதால் அங்குள்ள நீரின் உப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்காது.

பெரும்பகுதி கடல்நீர்தான் என்று தெரிந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே தண்ணீர் ஒழுகும். என்ஜின் ஓடும்போது மட்டும் வருவதால் துறைமுகத்தில் அது தெரியவே தெரியாது.

பதில் 2 – கடலூர், படகு கட்டும் ஆசாரி

தம்பி, மெக்கானிக் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். துறைமுகத்தில் வராத தண்ணீர் கடலில் வருகிறது என்றால், இரண்டுக்கும் என்ஜின் ஓடுவது ஒன்றுதான் வேறுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. பாரமும் வேறுபடுகிறது. 50 கிலோ ஐஸ் பார் நூறு ஏற்றினால் 5 டன். 2,000 லிட்டர் டீசல் என்றால் மேலும் ஒன்றே முக்கால் டன் அளவுக்கு வரும். உங்கள் அளவுப் படகு 1 செ.மீ. அமிழ 550, 600 கிலோ போதும் என்பதால், புறப்படும்போது 11, 12 செ.மீ. தாழ்ந்துவிடும். ஐஸ் கரைந்து டீசல் எரிய எரிய மறுபடி மேலே வரும். நாளுக்கு நாள் தண்ணீர் குறைகிறது என்று நீங்கள் சொன்னது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. வெறும் படகில் நீர்மட்டத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பலகை மூட்டு, ஆணித்துளை, எதுவாகவும் இருக்கலாம். மாற்றிய பம்பின் குழாய் எந்த உயரத்தில் வெளியே போகிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லாதது. நடைக்கு முந்தின மாலையே ஐஸும் டீசலும் ஏற்றிவிட்டு, என்ஜினைத் தொடாமல் இரவு முழுவதும் படகைத் துறையிலேயே கட்டி வையுங்கள். தண்ணீர் வந்தால் என்ஜினும் ஷாஃப்டும் குற்றமற்றவை. வராவிட்டால் மெக்கானிக் சொன்ன வழியில் போங்கள்.

பள்ளத்தை இறைத்து, பழந்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்ட பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வங்குக்கும் (படகின் விலா மரத்துக்கும்) குறுக்கே கோலமாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். தண்ணீர் நாம் பார்க்கும் இடத்தில் நுழைவதில்லை. அணியத்தில் (முன்புறத்தில்) நுழைந்து, வங்குகளின் அடியில் உள்ள துளைகள் வழியே ஓடி, அமரத்தில் வந்து நிற்கும். எந்தக் கோடு முதலில் கரைந்தது என்று பார்த்தால் வந்த வழி தெரிந்துவிடும். மீன் அறையின் அடியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுங்கள். என்ஜின் அறையில் நீலம் தெரிந்தால் நடுத்தடுப்பில் கசிவு இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

ஆசாரி ஐயா சொன்னபடியே செய்து பார்த்தோம். மாலை நூறு பாரும் 2,000 லிட்டர் டீசலும் ஏற்றினோம். என்ஜினை இயக்கவில்லை. இரவு 8 மணிக்குக் கோடு போட்டுவிட்டு நானும் தம்பியும் படகிலேயே படுத்துக்கொண்டோம். அதிகாலை 4 மணிக்கு ஐந்து வாளி இறைத்தோம். என்ஜின் ஓடாமலே 75 லிட்டர்!

கடுவையாற்று நீர் கருவியில் 30 காட்டியது, பள்ளத்துத் தண்ணீர் 27. பத்தில் ஒன்பது பங்கு வெளித் தண்ணீர். நீலமும் இலேசாகத் தெரிந்ததால் மீதியை ஐஸ் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டோம்.

கோலமாவுக் கோடுகள்தான் எங்களைத் திகைக்க வைத்தன. அணியத்துப் பக்கம் எல்லாக் கோடுகளும் அப்படியே இருந்தன. ஷாஃப்ட் பக்கமும் கலையவில்லை. பம்பு உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றியிருந்த கோடு மட்டும் கரைந்திருந்தது. தம்பி பம்பைக் குழியிலிருந்து தூக்கிப் பிடித்தான். நின்றுபோன பம்பின் அடியிலிருந்து, பால் கறப்பது போல் மெல்லிய தாரையாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் பம்பு என்பதால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

குழாயின் வெளித்துளையை அளந்தோம். வெறும் படகில் நீர்மட்டத்துக்கு மேலே 7 செ.மீ.; பாரம் ஏற்றிய பிறகு 5 செ.மீ. கீழே. பழைய துளை மேலே இருந்ததை ஃபைபர் வேலையின்போது அடைத்துவிட்டு, குழாய் நேராகப் போகட்டும் என்று கீழே புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பம்பை அடுத்துள்ள, தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றியதில், அதன் மடலுக்கும் இருக்கைக்கும் நடுவே விரல் நீள நீல வலை நூல் ஒன்று சிக்கியிருந்தது. மடல் முழுதாக மூடாமல் மயிரிழை திறந்தே நின்றிருக்கிறது.

இப்போதைக்கு நூலை எடுத்துவிட்டு, துளையை வெளியிலிருந்து மரத்தக்கையால் அடைத்து வைத்திருக்கிறோம். வால்வைப் புதிதாக மாற்றினால் போதுமா?

பதில் 3 – தூத்துக்குடி, டீசல் மெக்கானிக்

போதாது. உங்களுக்கு இதுவரை அந்த நூல்தான் ஆபத்தாகத் தெரிந்தது. உண்மையில் அது மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டரை மட்டும் விட்டதால்தான் வாளியால் சமாளிக்க முடிந்தது. மடல் முழுதாகத் திறந்து நின்றிருந்தால் நிலைமையே வேறு. 1 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால் அதன் வழியே நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர் உள்ளே வரும், உங்கள் குழாயின் விட்டமோ அதைவிடப் பெரியது. எல்லாரும் உறங்கும் நேரத்தில் பேட்டரியும் இறங்கிவிட்டால் படகைக் காப்பாற்ற முடியாது. மீன் செதிலும் வலை நூலும் புழங்கும் படகில் வால்வை மட்டும் நம்பிக் குழாயைப் போடவே கூடாது.

குழாயைப் பம்பிலிருந்து நேரே மேல்தட்டின் அடிவரை கொண்டுபோய், அங்கே கவிழ்த்த வளைவாகத் திருப்பி, பிறகு வெளித்துளைக்கு இறக்குங்கள். முழுப் பாரத்திலும், வலை இழுக்கும்போது அமரம் தாழும் நிலையிலும், அந்த வளைவின் உச்சி நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். உச்சியில் காற்று நுழைய ஒரு சிறு வழி இருக்கட்டும். இல்லாவிட்டால் பம்பு நின்ற பிறகும் குழாயில் நிறைந்த நீர் சைஃபனாக வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். பம்பின் உறிஞ்சும் வாயில் ஒரு வலைத்தட்டும் போடுங்கள். ஷாஃப்டை வெளியே இழுத்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளாண்டுக்கு மறுபடி கயிறு போடுங்கள்.

பதில் 4 – கடலூர், படகு கட்டும் ஆசாரி

தம்பி, கீழே போட்ட துளையை அடைப்பதில் அவசரப்படாதீர்கள். தக்கையை வைத்து மேலே ஃபைபர் பூசிவிட்டால் இரண்டு வருடத்தில் அது கழன்றுவிடும். படகைக் கரையேற்றி, மரம் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்; உப்புநீர் ஊறிய மரத்தில் ரெசின் பிடிக்காது. துளையைச் சுற்றிப் பழைய ஃபைபரைக் கிண்ணம் போல் அகலமாகச் சாய்த்துத் தேய்த்து, உட்பக்கம் பலகைத் துண்டு வைத்து ஆணியடித்து, சிறிய ஃபைபர் பாயிலிருந்து பெரிய பாய் வரை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். புதிய துளையைப் பாரம் ஏற்றிய கோட்டுக்கு மேலே ஒரு முழமாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை, ஐஸ் ஏற்றி நிற்கும் படகில், பெயிண்டால் நீங்களே கைப்படக் குறித்துக் கொடுங்கள்.