பெரியப்பாவின் புத்தகம் யாரிடம்?

நான்: பொங்கலுக்கு வருகிறேன், ஐந்து நாள் லீவு. நம்ம பக்கத்து எழுத்தாளர்கள் புத்தகம் சொல்லுங்கள். கோவில்பட்டி என்றாலே ஆபீஸில் கடலை மிட்டாய் பற்றித்தான் கேட்கிறார்கள்.

பெரியப்பா: முதலில் கி.ரா., அதாவது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வந்தது. தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி வந்த சனங்கள் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கின கதை. ஆரம்பத்திலேயே தண்ணீர் குடிக்க இறங்கிய பெண்ணை, நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்குவான். அவள் அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொள்வாள். அதை வாசித்துக் காட்டிய ராத்திரி ஆச்சி தன் காதுப் பாம்படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்தி: பிள்ளைக்கு முதலில் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுங்கள். ஒரே மூச்சில் முடியும்.

கார்த்தி அண்ணன்: ‘அசுரன்’ படம்தானே? பார்த்தாச்சு.

சித்தி: பார்த்ததும் படித்ததும் ஒன்றாடா? கொலை முதலிலேயே முடிந்துவிடும். அப்புறம் அப்பாவும் பதினைந்து வயசுப் பையனும் காட்டுக்குள் அலைகிறதுதான். எங்கே தண்ணீர், எதைத் தின்பது, எங்கே படுப்பது... வெயில் நம் முதுகிலேயே அடிக்கும்.

மாமா: என் ஓட்டு சோ. தர்மனின் ‘சூல்’. உருளைக்குடிக் கண்மாய்தான் கதாநாயகன். 2019இல் சாகித்ய அகாதெமி விருது. கொஞ்சம் தடிமன், தலையணைக்கும் ஆகும் 😄

நான்: கதை இல்லாமல் ஏதாவது?

பெரியப்பா: கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள். இரண்டு பேருமே இடைசெவல் ஊர்க்காரர்கள். அப்புறம் கி.ரா.வின் வட்டார வழக்குச் சொல்லகராதி. அகராதி என்று பயப்படாதே, நாவல் மாதிரியே ஓடும். ஆச்சி பேச்சு உனக்கு அப்போதுதான் பிடிபடும்.

நான்: எல்லாம் உங்கள் அலமாரியில் இருக்கிறதா?

பெரியப்பா: ‘கோபல்ல கிராமம்’ மட்டும் இல்லை. மாப்பிள்ளை, உங்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தபோது நான் கொடுத்ததுதானே?

மாமா: எனக்கா? ஞாபகமே இல்லையே மச்சான்.

அத்தை: மாடியில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது அண்ணே. ஏழாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் வைத்திருக்கிறார்.

பெரியப்பா: ஏழாம் பக்கமா! அப்போ அந்தத் திருடன் என்ன ஆனான் என்பதே தெரியாதா?

மாமா: சொல்லிவிடாதீர்கள் மச்சான், பொங்கலுக்குள் முடித்துவிடுகிறேன் 🙏