இறக்கத்தில் யாரைச் சந்தித்தீர்கள்? மலேசியாவின் உலு லங்காட், கோம்பாக், பிரேசர் மலை சைக்கிள் அனுபவங்கள்

செராஸ் சைக்கிள்:

சைக்கிளில் மலை ஏறியதைப் பற்றிக் கேட்டால் நம்மில் யாரும் வாயை மூடுவதில்லை. எத்தனை நிமிடம், எந்தக் கியர், நெஞ்சு எவ்வளவு அடித்தது என்று ஒப்பித்துக்கொண்டே இருப்போம். இறங்கின கதையை மட்டும் அமுக்கிவிடுகிறோம். காரணம் எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னால் அடுத்த ஞாயிறு சைக்கிள் வெளியே வராது. அதனால் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

என் வழக்கமான பாதை செராஸ் ஒன்பதாம் கட்டையில் (மைல்கல்) தொடங்கும். பதினாலாம் கட்டையில் நாசி லெமாக், பதினெட்டாம் கட்டையில் தண்ணீர் நிரப்புவது, அப்புறம் சுங்கை லூய் வழியாகக் கெந்திங் பெரஸ். மைல் கணக்கு ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஊருக்குப் பெயரே கட்டைதான். நூவாங் மலையில் பிறக்கிற லங்காட் ஆறு பாதி வழி கூடவே வரும். சுங்கை லூய் தாண்டியதும் வீடுகள் குறையும், இரண்டு பக்கமும் காடு மூடும், சாலை மாநில எல்லை வரை வளைந்து வளைந்து ஏறும். அந்தப் பக்கம் இறங்கினால் ஜெலுபு.

2019 ஜூலை, டுரியான் சீசன். எல்லை வரை ஏறிவிட்டு வந்த வழியே திரும்பினேன். அப்போதுதான் பழைய கார்பன் சக்கரம் ஒரு ஜோடி, இரண்டாம் கையாக வாங்கிப் போட்டிருந்தேன். ரிம்மைப் பிடிக்கிற பிரேக். என் எடை அப்போது 84 கிலோ. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பயத்தில் பிரேக்கை விடவே இல்லை. வளைவிலும் பிடி, நேர் சாலையிலும் பிடி. ஏழெட்டு வளைவு தாண்டியதும் ஒரு கருகல் வாசனை. பின்னால் வரும் லோரி என்று நினைத்தேன். பின்னால் லோரி எதுவும் இல்லை.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். முன் டயர் காலி. சைக்கிள் தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் போய் மண்மேட்டில் சாய்ந்தது. வலது பக்கம் போயிருந்தால் கீழே ஓடைதான். முழங்கையில் தோல் போனது, வேறொன்றுமில்லை. ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டிருக்கக் கூடாது.

உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மலாய்க்காரப் பெரியவர், எழுபது வயதாவது இருக்கும். பின்னால் இரண்டு பக்கமும் பிரம்புக் கூடை, கூடை நிறைய டுரியான். நான் தடவி வந்த அதே இறக்கத்தை அத்தனை பாரத்தோடு செருப்புக் காலுடன் இறங்கி வந்திருக்கிறார். ரிம்மைப் பார்த்தார், என் முழங்கையைப் பார்த்தார், அப்புறம் இரண்டு விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். "தெக்கான், லெப்பாஸ். தெக்கான், லெப்பாஸ்." அழுத்து, விடு. அவ்வளவுதான் பாடம். நான் டியூப் மாற்றி முடிக்கும்வரை கூடவே நின்றார். போகும்போது ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். ஜெர்சி பையில் டுரியானை வைத்துக்கொண்டு இறங்க முடியாது என்று விளக்குவதற்கு எனக்குத் தெரிந்த மலாய் போதவில்லை, சிரித்துச் சமாளித்தேன்.

கோம்பாக் பொண்ணு:

அண்ணே, உங்களுக்குப் பெரியவர், எனக்குக் குரங்கு.

நான் போவது பழைய பெந்தோங் சாலை. காராக் நெடுஞ்சாலை வந்த பிறகு பெரிய வண்டிகள் அங்கே போய்விட்டன. இந்தச் சாலை மூங்கிலுக்கும் நமக்கும் மிச்சம். பூர்வகுடி மக்களின் அருங்காட்சியகம், மருத்துவமனை இரண்டையும் தாண்டினால் கோம்பாக் ஆறு பக்கத்திலேயே ஓடும் சத்தம் கேட்கும். கெந்திங் செம்பா வரை ஏற்றம் ஒரே சீராக இருக்கும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் திரும்பும்போது மூங்கில் இலையை நம்பாதீர்கள். காய்ந்த சருகு மாதிரிதான் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். பார்வைக்குத் தரை, சக்கரத்துக்குச் சோப்பு.

போன வருடம் நானும் என் தோழியும் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் சாலை முழுக்கக் குரங்குக் கூட்டம். குட்டியை வயிற்றில் தொங்கப் போட்ட தாய்கள் ஐந்தாறு, நடுவில் தடியான ஆண் ஒன்று வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தேன். நின்றுவிட்டோம். முறைக்கக் கூடாது, பல்லைக் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். தோழிக்குத் தெரியாது. பயந்தால் அவள் இளிப்பாள்.

அந்த ஆண் எழுந்து நேராக என்னிடம் வந்தது. பின்பையில் வாழைப்பழம் வைத்திருந்தேன். அதற்கு எப்படித் தெரிந்ததோ! பாதித் தோல் பையிலேயே இருக்க, பழத்தை மட்டும் உருவிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து தின்றது. ரவிக்கையில் செருகிய பணத்தை எடுக்கிற லாவகம்.

சரி, போகட்டும் என்று கிளம்பி நூறு மீட்டர் போவதற்குள் பின் டயர் புஸ். கண்ணாடித் துண்டு பக்கவாட்டில் கிழித்திருந்தது. டியூப் மாற்றலாம், கிழிந்த டயரை என்ன செய்வது? வெட்டு வழியாகப் புது டியூப் பிதுங்கிக்கொண்டு வரும். அங்கே எங்களையே பார்த்துக்கொண்டு ஒரு பூர்வகுடிச் சிறுவன் நின்றான், பத்து வயது இருக்கும். நான் ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை எடுத்து மடித்து, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்துக் காற்றடித்தேன். நம் ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக் ஆயிற்றே, எளிதில் கிழியாது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். காசை டயருக்குத் தின்னக் கொடுக்கிறாள் என்று பின்னால் திரும்பி யாரிடமோ கத்தினான். வீடு வரை அந்த நோட்டில்தான் வந்தேன். காற்றை மட்டும் கொஞ்சம் குறைவாக வைத்தேன், இறக்கத்தில் நடையைவிடச் சற்று வேகம்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு மூலையில் டயர் மை. தே தாரிக் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

அம்பாங் மேடு:

அம்பாங்கிலிருந்து உலு லங்காட் பக்கம் இறங்குகிறவன் நான். சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குமில்லை, பெரியவருமில்லை. கார் கதவு. கோலாலம்பூர் விளக்குகளைப் பார்க்க மேட்டில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கிற ஜோடிகள். விடியற்காலையில்கூட இருப்பார்கள். இன்னொன்று, என்னை முந்திக்கொண்டு போய் அடுத்த வளைவில் சடாரென்று நிற்கிற கார்கள். கார் வளைவுக்குப் பயப்படும், சைக்கிள் பயப்படாது என்பது அவர்களுக்குத் தெரியாது. நாய்களும் உண்டு. ஏறும்போது துரத்தினால்தான் பயம், இறங்கும்போது அவற்றுக்கு எட்டாது.

நடுவயது:

குளிரைப் பற்றி யாருமே எழுதவில்லை. நம் நாட்டில் என்ன குளிர் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலை. ஊரை விட்டதும் சிலாங்கூர் ஆற்று அணை, நீர்த்தேக்கம், பிறகு காடு. பழைய கோல குபு 1883-இல் அணை உடைந்து அழிந்ததும், பின்னாளில் வெள்ளத்துக்குப் பயந்து ஊரையே இடம் மாற்றிப் "பாரு" சேர்த்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். அதே ஆற்றின் மேல் புது அணையைப் பார்த்துக்கொண்டே மிதிப்பது ஒரு மாதிரியாக இருக்கும். பிரேசர் மலைச் சாலை பிரிகிற கணவாயான கேப் (The Gap) போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்ட வளைவு. கார் வேகம் குறைக்கிற இடமாகப் பார்த்துத்தான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காத்திருந்திருக்கிறார்கள். நான் எப்போதும் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கேப்பிலிருந்து மேலே சுமார் 8 கிலோமீட்டர், ஒடுக்கமான சாலை. அன்று உச்சியில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். அக்டோபர் மாதம், மதியம் ஆனால் மழை என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தோம், அதுதான் தப்பு. ஒரு மணிக்கு மேகம் இறங்கியது, அப்புறம் மழை. நனைந்த ஜெர்சியோடு இறங்க ஆரம்பித்தேன். ஏறும்போது உடம்பே அடுப்பு. இறங்கும்போது மிதிப்பதில்லை, காற்று மட்டும் அடிக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் பல் தந்தியடித்தது. நான்காவதில் விரல் மடங்கவில்லை. பிரேக்கை உள்ளங்கையால் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு நடுக்கம் கையிலிருந்து ஹேண்டிலுக்குப் போய், முன்சக்கரமே உதற ஆரம்பித்தது. அந்த உதறலில் கையை இறுக்கினால் இன்னும் மோசமாகும். இரண்டு முழங்காலையும் சட்டத்தோடு ஒட்டி அணைத்துக்கொண்டு, கையைத் தளர்த்தினேன். மெல்ல அடங்கியது.

நின்றுவிட்டேன். மலைச்சரிவில் ஒதுங்கி நின்றபோது எங்கோ கீழே சியாமாங் என்ற வாலில்லாக் குரங்குகள் ஊளையிட்டன. தொண்டைப் பையை ஊதிக்கொண்டு அவை கத்துவதைக் கேட்டிருந்தால் தெரியும், ஒற்றை ஜோடி ஒரு பள்ளத்தாக்கையே நிரப்பிவிடும். அந்த நேரத்தில் எனக்கு அது கேலியாகத்தான் பட்டது.

அப்போது வேன் ஒன்று வந்து நின்றது. காய்கறி ஏற்றிப் போய்விட்டுக் காலியாகத் திரும்பும் தமிழ்க்காரர். "என்ன தம்பி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார். ஏறிக்கொள்ளச் சொன்னார். எனக்கு வீம்பு, வேண்டாம் என்றேன். அவர் சண்டை போடவில்லை. முன்சீட்டில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து மடித்து, "நெஞ்சுல சொருகு" என்றார். சொருகினேன். காற்று நின்றது. கேப் வரை அந்த வேன் என் பின்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தது. கேப்பில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெர்சியைக் கழற்றினால் மார்பில் பாதி ராசிபலன் அச்சாகியிருந்தது. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "பயணத்தைத் தவிர்க்கவும்னு போட்டிருக்கு" என்றாள்.

புது மாடல்:

இதெல்லாம் பழைய சைக்கிள் பிரச்சினை. டிஸ்க் பிரேக் வாங்கிட்டா முடிஞ்சது.

செராஸ் சைக்கிள்:

தம்பி, நானும் வாங்கிவிட்டேன். பாதி சரி. ரிம் சூடாகி டியூப் வெடிக்கிற கதை போய்விட்டது. மழையில் சொன்னபடி கேட்கிறது, அதுவும் உண்மை. ஆனால் நிறுத்துவது பிரேக் இல்லை, டயரும் சாலையும் சேருகிற கட்டைவிரல் அளவு இடம்தான். மூங்கில் இலைமேல் அந்த இடத்துக்கு நீ எந்த மாடல் என்று தெரியாது. டிஸ்க்கையும் விடாமல் பிடித்தால் அது சூடேறிப் பிடி தளரும், கத்தவும் செய்யும். வளைவுக்கு முன்னால் பிடி, வளைவுக்குள் விடு, வெளிப்பக்க பெடலைக் கீழே வைத்து அழுத்து. சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டாயா என்று கேட்க மாட்டேன், நான் போட்டேன்.

இன்னொன்று, 2021 டிசம்பர் வெள்ளத்தில் உலு லங்காட் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மண்சரிவில் சாலைகள் மூடிக் கிடந்தன. சரிவு கண்ட மலைச்சாலையில் ஓரத்தை நம்பிப் போகாதீர்கள். மேலே தார் இருக்கும், அடியில் மண் போயிருக்கும். ஏறும்போதே எங்கே ஓரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், திரும்பும்போது அந்த வளைவில் நடுவாக வரலாம். நான் அதற்காகவே தெரியாத சாலையில் இறங்குவதில்லை, ஏறின சாலையில்தான் இறங்குவேன். வட்டமாகச் சுற்றி வர ஆசைப்படுகிறவர்களுக்கு இது பிடிக்காது.

கோம்பாக் பொண்ணு:

அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் பெரியவர் உங்களுக்குப் பிரேக் பாடம் எடுத்தாரே, அவர் மோட்டாரில் என்ன பிரேக்?

செராஸ் சைக்கிள்:

பார்த்தேன் தங்கச்சி. முன் பிரேக் பிடி இருந்தது. கம்பி இல்லை.